எலியக்காவின் ரத்தம்

அலுவலக உதவியாளர், இரண்டாம் நிலை. கோப்புகளை ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குக் கொண்டுசெல்வார். பார்வையாளர்களை வரவேற்று உரிய அறைக்கு அழைத்துச்செல்வார். மேலதிகாரிகள் இடும் பிற பணிகளையும் செய்வார். தேவையான தகுதிகள்: எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல், இன்முகம்.

ஆராய்ச்சி நிலையத்தின் பணியாளர் விதிகளில் அவரைப் பற்றி இருப்பது இவ்வளவுதான். இதில் எழுதப் படிக்கத் தெரியும் என்பது உண்மை. மற்றபடி, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒரு கோப்பையும் தொட்டதில்லை. அவர் வேலைசெய்யும் இடத்துக்குப் பார்வையாளர் யாரும் வர அனுமதியில்லை. அப்படியே வந்தாலும், முகமூடிக்குப் பின்னால் இருப்பது இன்முகமா வன்முகமா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. 'பிற பணிகள்' என்ற இரண்டு சொற்களுக்குள்தான் அவருடைய உத்தியோகம் முழுவதும் அடங்கியிருந்தது. அந்தப் பிற பணிகள் எலிகள்.

நிலையத்தின் பின்கட்டடத்தில், ஜன்னலே இல்லாத அறைகளில், அடுக்கடுக்கான பிளாஸ்டிக் பெட்டிகளில் வெள்ளைச் சுண்டெலிகள் வாழ்ந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் கேட்டபோது, அப்படியொரு பதவியே பட்டியலில் கிடையாது என்று மேலிடம் சொன்னது. அலுவலக உதவியாளர் பதவி ஒன்று காலியாக இருந்தது. எலிகளுக்கு அலுவலக உதவியாளர் கிடைத்தார்.

எலியக்கா என்ற பெயர் முதலில் அவர் முதுகுக்குப் பின்னால் புழங்கியது. பிறகு நேரிலேயே கூப்பிட்டார்கள். கடைசியில் அவரே தொலைபேசியை எடுத்து, "எலியக்கா பேசறேன்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார். பெயர் கேட்டு அவரை எலிப் பிரியர் என்று நினைத்துவிடக் கூடாது. சேர்ந்த புதிதில் ஒரு எலி கையில் ஏறியதற்கு அவர் போட்ட அலறலில் பக்கத்து அறைக் கண்ணாடிக் குடுவை ஒன்று உடைந்தது என்று ஒரு கதை உண்டு. "இப்போ பயம் போயிடுச்சா?" என்று யாராவது கேட்டால், "போகல. ஆனா அதுங்களுக்கும் என்னைக் கண்டா பயம். ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி" என்பார்.

அந்த எலிகளை வைத்து என்ன செய்கிறார்கள் என்று ஆராய்ச்சியாளர் அவருக்கு முதல் வாரமே விளக்கியிருந்தார். அந்நியப் பொருள் ஒன்று உடம்புக்குள் நுழைந்தால், அதை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ள உடம்பு ஒரு கொக்கியைச் செய்யும். ஆன்டிபாடி என்பது அதுதான். பூட்டுக்குப் பூட்டு சாவி வேறு என்பதைப் போல, பொருளுக்குப் பொருள் கொக்கி வேறு. நமக்கு எதைப் பிடிக்கும் கொக்கி வேண்டுமோ, அதை எலிக்கு ஊசியில் ஏற்றினால் எலியின் மண்ணீரல் அந்தக் கொக்கியைச் செய்யத் தொடங்கும். ஆனால் மண்ணீரலின் செல் எலியைவிட்டு வெளியே வந்தால் சில நாட்களில் செத்துப்போகும். புற்றுநோயின் செல்லோ சாகவே சாகாது. இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்தால் கொக்கியும் செய்யும், சாகவும் செய்யாது. அப்படி ஒட்டியதில் ஒன்றே ஒன்றைப் பொறுக்கி, அந்த ஒன்றின் சந்ததியை மட்டும் பெருக்கினால், அச்சுப் பிசகாத ஒரே வகைக் கொக்கி லிட்டர் கணக்கில் கிடைக்கும். அதற்குத்தான் மோனோகுளோனல் ஆன்டிபாடி என்று பெயர். மூட்டு முடங்கியவர்களை நடக்கவைக்கவும், சில வகைப் புற்றுநோய்களைத் தேடிப்போய்ப் பிடிக்கவும், ஒரு சொட்டு ரத்தத்தில் ஒளிந்திருக்கும் பொருளைக் காட்டிக்கொடுக்கவும் அது உதவும். ஆக, கொல்கிற நோயிடமிருந்தே ஆயுளைக் கேட்டு வாங்கி மருந்து செய்கிறார்கள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"மண்ணீரலை எடுத்தப்புறம் எலி என்ன ஆகும் சார்?"

"எடுக்கறதுக்கு முன்னாடியே ஆகிடும்."

"அதை யாரு செய்வாங்க?"

ஆராய்ச்சியாளர் மேசைமேல் இருந்த எதையோ ஒழுங்குபடுத்தினார். "அது பிற பணிகள்ல வரும்."

அவர் அதையும் கற்றுக்கொண்டார். வலி தெரியாமல், இமைப்பொழுதில் முடித்துவிடும் கை என்று நிலையத்தில் அவருக்குப் பெயர். உயிரை வளர்ப்பதும் முடிப்பதும் ஒரே சம்பளத்தில் அடங்கின. அதைப் பற்றி அவரிடம் தத்துவம் எதுவும் இல்லை. தும்மல்தான் இருந்தது. பெட்டிகளின் மரத்தூளை மாற்றும்போதெல்லாம் சரமாகத் தும்முவார். விரல்களில் எலிப்பல் பட்ட தழும்புகள் பொட்டுப்பொட்டாகக் கிடந்தன.

அவருடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் மக்கள் மேலே போவதும் கீழே வருவதும் அவர் கையில் இருந்தது. அவர்கள் குடியிருந்தது மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில்.

"ஊருக்கெல்லாம் லிஃப்டு. கட்டின பொண்டாட்டிக்குப் படிக்கட்டு" என்பார் எலியக்கா, பையை இறக்கிவைத்து மூச்சு வாங்கிக்கொண்டே.

"உடம்புக்கு நல்லதுதானே. லிஃப்டுல போய் வந்தவங்க யாரும் நூறு வயசு வாழ்ந்து நான் பாக்கல."

"படியேறினவங்க வாழ்ந்து பாத்தீங்களா?"

"உன்னைத்தான் பாக்கப்போறேன்."

குழந்தை இல்லை. கல்யாணமான முதல் சில வருடங்கள் மருத்துவர் மாற்றி மருத்துவரைப் பார்த்தார்கள். யாரும் காரணம் இன்னதென்று சொல்லவில்லை; காரணம் தெரியாத ஒன்றுக்கு மருந்தும் தெரியவில்லை. மருந்துக்கடையில் மாதம் தவறாமல் கர்ப்பப் பரிசோதனைப் பட்டை வாங்கிய காலம் ஒன்று இருந்தது. குளியலறை விளக்கடியில் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். இருந்தால் இரண்டு கோடு, இல்லாவிட்டால் ஒன்று. அவருக்கு எப்போதும் ஒன்றுதான். இரண்டாவது கோடு விழவேண்டிய இடத்தை அவர் பார்த்த அளவுக்கு அந்தப் பட்டையைச் செய்தவர்களே பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பிறந்தநாளோடு பட்டை வாங்குவதை நிறுத்திவிட்டார். எந்தப் பிறந்தநாள் என்று கணவர் கேட்கவில்லை.

கணவரின் தங்கை பக்கத்துத் தெருவில் இருந்தாள். மூன்று பிள்ளைகள், நாக்கு ஒன்றுதான். ஆனால் மூன்றுக்கும் சேர்த்து வேலைசெய்யும்.

"எலிக்கு மட்டும் எப்படி அண்ணி ஒரே பிரசவத்துல எட்டு பத்துன்னு பொறக்குது? கொஞ்சம் கேட்டு வையுங்களேன்."

"கேட்டேன். நாத்தனார் இல்லாத இடமாப் பாத்து வாழ்க்கைப்படணும்னு சொல்லுச்சு."

இருவரும் சிரித்துக்கொள்வார்கள். ஒருத்தி வாசல் தாண்டியதும் நிறுத்திவிடுவாள், மற்றவர் கதவைச் சாத்தியதும் நிறுத்திவிடுவார்.

நாற்பது தாண்டி, இதெல்லாம் அடங்கிப்போன வயதில், அவருக்குப் பித்தப்பையில் கல் வந்தது. எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அறுவைக்கு முன்னால் வழக்கமான ரத்தப் பரிசோதனைகள். அந்த மருத்துவமனையில் ஐம்பதுக்குட்பட்ட பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனையும் அதில் சேர்த்தி, கேட்காமலே செய்துவிடுவார்கள். மறுநாள் பெண் மருத்துவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஆபரேஷனைத் தள்ளிவைக்கணும்மா. நீங்க கர்ப்பமா இருக்கீங்க."

"வேற யாரோட ரிப்போர்ட்டாவது இருக்கப்போகுது, பாருங்க டாக்டர்."

மருத்துவர் பார்த்தார். அவருடையதுதான். கர்ப்ப ஹார்மோன் முந்நூற்றுச் சொச்சம். இல்லாதவர்களுக்குப் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்.

செய்தி தொலைபேசியில் வந்தபோது கணவர் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்றிருந்தார். "என்ன? என்ன?" என்று இரண்டு முறை கேட்டார். கீழே காத்திருந்தவர்கள் பொறுமையிழந்து கதவைத் தட்டினார்கள். இவர் அங்கேயே எண்ணெய்ப் பிசுக்கான கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கர்ப்பமாக இருப்பவர் எலி அறைக்குள் போகக் கூடாது என்று ஆராய்ச்சியாளர் அன்றே உத்தரவு போட்டார். முன்கட்டடத்தில் அவருக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். பார்வையாளர்கள் வந்தார்கள், வரவேற்றார். கோப்புகள் இருந்தன, மேசைக்கு மேசை கொண்டுபோனார். முகமூடி இல்லாததால் இன்முகமும் தெரிந்தது. விதிகளில் எழுதியிருந்த அந்த ஆளாக எலியக்கா இருந்தது அந்தச் சில வாரங்கள் மட்டும்தான்.

நாத்தனார் தன் பிள்ளைகளின் சின்ன உடுப்புகளைத் துவைத்து மடித்து, ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். கேலியை அடியோடு நிறுத்திவிட்டாள். எலியக்காவுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் நாள் பிடிக்கும் என்றார்கள். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். முந்நூற்றுச் சொச்சம். மறுபடி ஸ்கேன், மறுபடி ஒன்றுமில்லை. இன்னொரு முறை ரத்தம். முந்நூற்றுச் சொச்சம்.

மருத்துவர் அவரையும் கணவரையும் உட்காரவைத்துப் பேசினார். மோசமான மருத்துவர் இல்லை. வேகமாகப் பேசினாலும் கண்ணைப் பார்த்துத்தான் பேசுவார்.

"குழந்தை வளந்தா இந்த எண் ரெண்டு மூணு நாளைக்கு ஒருதடவை இரட்டிப்பாகணும். கலைஞ்சிருந்தா குறைஞ்சுக்கிட்டே போகணும். உங்களுக்கு ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. அப்படியே நிக்குது."

"நின்னா?"

"நஞ்சுக்கொடி மாதிரி வளர்ற ஒரு கட்டி இருக்கு. அபூர்வமானது. குழந்தை இல்லாமலே இந்த ஹார்மோனைச் சுரக்கும். எங்கே இருக்குன்னு கண்ணுக்குத் தெரியல, ஆனா விட்டுட்டா நுரையீரல் வரைக்கும் போயிடும். முதல்ல கட்டியைக் கொல்ற ஊசி போடணும். எண் இறங்கலைன்னா கர்ப்பப்பையை எடுத்துடணும்."

"ஊசி போட்டா குழந்தைக்கு?"

"அம்மா, குழந்தை இல்ல."

"ரத்தம் இருக்குன்னு சொல்லுதே. நீங்கதானே சொன்னீங்க?"

எலியக்கா மறுத்துவிட்டார். சரியான முடிவு. ஆனால் அதற்கு அவர் வைத்திருந்த காரணம் முழுக்கத் தவறு. தனக்கு நோய் இல்லை என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் விரும்பவும் இல்லை. உள்ளே ஒரு குழந்தை மெதுவாக, தன்னைப் போலவே பிடிவாதமாக வளர்வதாக நம்பினார். ஏறாமல் இறங்காமல் நிற்பது லிஃப்ட் மெக்கானிக் குடும்பத்தில் புதிதா என்ன?

வீட்டில் சண்டை வந்தது. இத்தனை வருடத்தில் குரல் உயர்த்தாத கணவர் உயர்த்தினார்.

"எனக்கு நீ இருந்தா போதும். இதை எத்தனை தடவை சொல்றது?"

"எனக்குப் போதாதுங்க. அதை நான் ஒருதடவைகூடச் சொன்னதில்ல. இப்போ சொல்றேன்."

கணவர் எழுந்துகொண்டார். சாப்பிட்ட தட்டைக் கழுவிவைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

கடைசியில் எலியக்காவைச் சம்மதிக்கவைத்தவள் நாத்தனார்தான். பிள்ளை இல்லை பிள்ளை இல்லை என்று இத்தனை காலம் குத்தியவள், சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை வேணாம் அண்ணி. நான் பேசினதெல்லாம் வாய்க்கொழுப்பு. நீங்க செத்துட்டா எங்க அண்ணன் உசிரோட இருக்காது. எனக்கும் சண்டை போட ஆளில்ல."

"காலை விடு. கூசுது" என்றார் எலியக்கா. பிறகு, "சரி, போட்டுக்கறேன்" என்றார்.

ஊசி போடும் நாள் காலையில், பேருந்திலிருந்து இறங்கி மருத்துவமனைக்குள் நுழையும் முன், கணவரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு எதிரிலிருந்த மருந்துக்கடைக்குப் போனார். இரண்டு பரிசோதனைப் பட்டைகள் வாங்கினார். யாரையும் சோதிக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. நாளைக்கு இது இருக்காது. இன்றைக்கு, ஒரே ஒரு முறை, அந்த இரண்டாவது கோட்டைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

மருத்துவமனைக் கழிப்பறையில் பட்டையை நனைத்துக் காத்திருந்தார். ஒரு கோடு விழுந்தது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். இரண்டாவது பட்டையைப் பிரித்தார். அதிலும் ஒரு கோடு.

ரத்தம் எடுக்கும் அறையில் அன்று ஆய்வகப் பொறுப்பாளரே இருந்தார். எலியக்காவின் வயதை ஒத்தவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுகிற ரகம். எலியக்கா அவர் முன்னால் இரண்டு பட்டைகளையும் வைத்தார்.

"ரத்தம் இருக்குங்குது. இது இல்லைங்குது. எது சார் பொய் சொல்லுது?"

"கடைப் பட்டைதானேம்மா. ஹார்மோன் கொஞ்சமா இருந்தா அதுக்குத் தெரியாது."

"முந்நூறு கொஞ்சமா?"

பொறுப்பாளர் பட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். முந்நூறு கொஞ்சமில்லை. அதில் பத்திலொரு பங்கு இருந்தாலே பட்டையில் கோடு விழும். ரத்தம் பேசிய பிறகு சிறுநீரை யாரும் கேட்பதில்லை. துல்லியமானது வந்துவிட்ட பிறகு மட்டமானதை எதற்குக் கேட்பது? அதனால் இந்த மருத்துவமனையிலும் ஒருவரும் கேட்கவில்லை. பொறுப்பாளர் யோசித்தபடியே அவர் கையில் ரப்பரைக் கட்டினார். அப்போதுதான் விரல்களைப் பார்த்தார்.

"இதென்ன இத்தனை தழும்பு?"

"எலி கடிச்சது."

"அத்தனையுமா? ஒரு பூனை வாங்கி விடக்கூடாதா வீட்ல?"

"வீட்ல ஒரு எலி கிடையாது சார். வேலைல நாலாயிரம் இருக்கு."

"அலுவலக உதவியாளர்னு போட்டிருக்கே."

"ஆமா. எலிங்களோட அலுவலகம்."

பொறுப்பாளர் ஊசியைக் குத்தாமல் தட்டில் வைத்தார். "என்ன எலி? எதுக்கு வளர்க்கறாங்க?"

"வெள்ளைச் சுண்டெலி. மோனோகுளோனல் ஆன்டிபாடி எடுக்க. கொக்கின்னு எங்க சார் சொல்வாரு."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடி நெற்றியிலிருந்து தானாகவே மூக்குக்கு இறங்கியது.

"அம்மா, நாங்க பண்ற இந்தப் பரிசோதனையே எலிக் கொக்கியாலதான். ரெண்டு கொக்கி. ஒண்ணு, ரத்தம் ஊத்தற தட்டுல இருக்கற குழியோட அடியில ஒட்டியிருக்கும். இன்னொண்ணு மேலேருந்து வரும், அதுல வெளிச்சம் கட்டியிருக்கும். நடுவுல ஹார்மோன் இருந்தா கீழே இருக்கறது ஒரு பக்கம் பிடிக்கும், மேலே இருக்கறது இன்னொரு பக்கம் பிடிக்கும். ரெண்டும் சேந்து நிக்கும். மிஷின் அந்த வெளிச்சத்தை எண்ணி எவ்வளவுன்னு சொல்லும்."

"சரி."

"ஆனா இத்தனை வருஷமா எலி உங்களைக் கடிச்சிருக்கு. அதோட தூசியை மூச்சுல இழுத்திருக்கீங்க. உங்க உடம்பு சும்மா இருக்குமா? எலிச் சரக்கு எதைக் கண்டாலும் பிடிக்கற மாதிரி ஒரு கொக்கியைச் செஞ்சு வெச்சிருக்கும். எலியோட கொக்கியையே பிடிக்கற கொக்கி. அந்த ரத்தத்தைக் கொண்டுவந்து நாங்க குழியில ஊத்தினா, மேல இருக்கறதையும் கீழ இருக்கறதையும் அதுவே பிடிச்சுச் சேத்து வெச்சிடும். நடுவுல ஹார்மோனே தேவையில்ல."

"மிஷினுக்குத் தெரியாதா?"

"மிஷினுக்கு வெளிச்சம்தான் தெரியும்."

"சிறுநீர்ல மட்டும் ஏன் பொய் வரல?"

"உங்க கொக்கி பெருசு, சிறுநீரகத்துல வடிகட்டி அதை விடாது. ஹார்மோன் சின்னது. இருந்திருந்தா இறங்கியிருக்கும்."

எலியக்கா மடியிலிருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ கட்டி இல்ல."

"நான் சொல்றது சரியா இருந்தா இல்ல."

"அப்போ..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பொறுப்பாளரும் அதை முடித்துவைக்கவில்லை.

நிரூபிக்க ஒரு வழி இருந்தது. அவருடைய ரத்தத்தில் முதலில் எலிச் சீரத்தைக் கலக்க வேண்டும். சீரம் என்பது ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீர். அவர் உடம்பின் கொக்கிகளெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு கை ஓய்ந்துவிடும். பிறகு சோதித்தால், எண் நிஜமானால் நிற்கும், பொய்யானால் விழும். ஆய்வகத்தில் எலிச் சீரம் இல்லை, வரவழைக்க நாளாகும். மருத்துவர் மறுநாள் மாலைவரைதான் தவணை கொடுத்தார். "நீங்க சொல்றது சரியா இருந்தா என்னைவிடச் சந்தோஷப்படறவங்க இல்ல. தப்பா இருந்தா, நாம தள்ளிப்போடற ஒவ்வொரு நாளும் அந்தம்மாவோட ஆயுள்ல போறது" என்றார் பொறுப்பாளரிடம். அதுவும் நியாயம்தான்.

"எலிச் சீரம்தானே? நான் கொண்டுவரேன்" என்றார் எலியக்கா.

நிலையத்தின் உறைபெட்டியில் அப்போது சீரம் இருக்கவில்லை. ஆராய்ச்சியாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு கையிலிருந்த பேனாவை மூடிவைத்தார். எலிக் கொக்கிக்கு எதிராக மனித உடம்பு கொக்கி செய்யும் என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மருந்தாகக் கொடுக்கும் ஆன்டிபாடிகளில் எலிப் பகுதியை நுனியளவுக்குக் குறைத்து மற்றதை மனிதருடையதாக மாற்றுவதே அதனால்தான். அதைப் பற்றிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். பின்கட்டடத்தில் தும்மிக்கொண்டிருந்தவரும் மனித உடம்புதான் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

"நான் வேற யாரையாவது அனுப்பறேன். நீங்க உள்ளே போகவேணாம்."

"வேற யாருக்கும் இந்தக் கை வராது சார். நானே பாத்துக்கறேன்."

பல வாரங்களுக்குப் பிறகு அங்கியை மாட்டிக்கொண்டு எலி அறைக்குள் போனார். போனதும் தும்மினார். முதிர்ந்த ஆண் எலிகளாகப் பார்த்து எடுத்தார். எப்போதும்போல இமைப்பொழுதில் முடித்தார். குட்டிகள் இருந்த பெட்டிகளின் பக்கம் போகவில்லை. ரத்தத்தைச் சுழற்றித் தெளியவைத்து, விரல் உயரக் குழாயில் ஊற்றி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து ஆராய்ச்சியாளர் கொடுத்தார்.

பேருந்தில் எலியக்கா பெட்டியை மடியில் வைத்திருந்தார். கணவர் பக்கத்தில்.

"எது வரணும்னு நினைக்கறே?" என்று கேட்டார் கணவர்.

"கேக்காதீங்க."

இரண்டு நிறுத்தம் கழித்து, "நீங்க?" என்றார்.

"நீ சாகக் கூடாது. வேற எதையும் நினைக்கல. நினைக்க பயமா இருக்கு."

பொறுப்பாளர் உள்ளே போய், வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த ஒரு செய்திக்குப் பொருத்தமான முகம் யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

"பூஜ்யம்மா" என்றார். "ஒண்ணுமில்ல. கட்டி இல்ல, ஊசி வேணாம், எதையும் எடுக்க வேணாம்."

கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். சத்தம் போட்டு அழுதார். வரிசையில் இருந்தவர்கள் ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து வழிவிட்டார்கள். அவர்கள் நினைத்ததும் பாதி சரிதான்.

எலியக்கா காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"முன்னாடி வந்த முந்நூறு?"

"எல்லாம் எலியால வந்ததும்மா."

"அத்தனையுமா?"

"அத்தனையும்."

"ஒரு பத்து, இருபதாவது நிஜமா..."

"இல்லம்மா."

"சரி" என்றார். காகிதத்தை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் பித்தப்பையை எடுத்தார்கள். அதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை. உடுப்புப் பையைத் திருப்பித் தர நாத்தனார் வீட்டுக்குப் போனபோது, அவள் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து, "எலிங்க உங்களையே ஏமாத்திடுச்சே அண்ணி" என்றாள். எலியக்கா சிரித்தார். இந்த முறை கதவு திறந்தே இருந்தது. சிரிப்பு நின்று அழுகையானதும் இருவரும் பார்க்கும்படியே நடந்தது. பிறகு அவர் பின்கட்டடத்துக்குத் திரும்பினார். இரட்டைக் கையுறையும் கனமான முகமூடியும் கொடுத்தார்கள். முன்கட்டட நாற்காலியிலேயே இருந்துவிடும்படி ஆராய்ச்சியாளர் கேட்டுப்பார்த்தார். "பார்வையாளர்ங்க ரொம்பப் பேசறாங்க சார்" என்று சொல்லிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து ஆய்வகப் பொறுப்பாளர் நிலையத்துக்கே வந்தார். பின்கட்டட வாசலில் நின்றபடியே பேசினார்.

"ஒரு உதவி வேணும்க்கா. எங்களுக்குப் பரிசோதனைக் கிட்டு புதுசு புதுசா வரும். எலிக் கொக்கியைப் பிடிக்கற ரத்தத்தால ஏமாறாதுன்னு பெட்டிமேல போட்டிருப்பாங்க. அது நிஜமான்னு பாக்க எங்களுக்கு வழியில்ல. உங்க ரத்தம் இருந்தா பாக்கலாம்."

"எப்படி?"

"ஒவ்வொரு பெட்டியிலயும் முதல்ல உங்க ரத்தத்தைப் போடுவோம். கர்ப்பம்னு சொன்னா அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிடுவோம். வேற எந்தப் பொம்பளைக்கும் அதைப் போட மாட்டோம்."

"அப்போ நல்ல பெட்டின்னா, என் ரத்தத்துல குழந்தை இல்லைன்னு சொல்லணும்."

"ஆமாக்கா."

"நீங்களும் அப்படியே எழுதணும். ஒவ்வொரு தடவையும்."

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேணாம்னா விட்டுடலாம். நான் கேட்டிருக்கக் கூடாது."

எலியக்கா கையுறையைக் கழற்றினார். "எழுதிக்கோங்க" என்றார்.

வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை, புதுப் பெட்டி வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியபோதெல்லாம் அவர் மருத்துவமனைக்குப் போய் ரத்தம் கொடுத்தார்.